சிறுத்தைக்கு முந்தானை இல்லை

“…லாரி ரேணிகுண்டா தாண்டிடுச்சி, பேப்பர்ல கையெழுத்தும் போட்டாச்சி. இப்ப பாதி மூஞ்சில சோப்போட வந்து நின்னுக்கினு, ‘மேடம், இது அது இல்ல’ன்னு சொன்னா, இந்த ஊருக்கு நான் இன்னா பதில் சொல்றது போட்டோ காரு?”

என்னைப் பார்த்து இப்படிக் கேட்டவர் எங்கள் வனச்சரக அதிகாரி வசுந்தரா மேடம். அவருக்குப் பக்கத்தில் தார்ப்பாய் போட்டு மூடிய இரும்புக் கூண்டு. கூண்டுக்குள் ஒரு பெட்டைச் சிறுத்தை. சுற்றிலும் வேப்பமிட்டா என்ற அந்தச் சின்ன ஊர் மொத்தமும். சோப்பு காய்ந்து கன்னத்தை இழுக்க, மூச்சு வாங்கிக்கொண்டு நின்றவன் நான். மேடம் அடுத்து என்ன செய்தார் என்பதைச் சொல்லத்தான் உட்கார்ந்திருக்கிறேன். ஆனால் நான் செய்த தப்பைச் சொல்லாமல் அதைச் சொன்னால் விளங்காது.

சென்ற மாதம் ஆபீசிலிருந்து போன் வந்தது. “அண்ணே, உங்க வேலைய மெஷின் எடுத்துக்கிச்சி, வந்து பாருங்க” என்றார்கள். சிறுத்தையின் பொட்டுகளை ஒப்பிட்டு இது எந்தச் சிறுத்தை என்று சொல்லும் கம்ப்யூட்டர் வந்திருக்கிறதாம். போனேன். படத்தைப் போட்டதும் அது முதலில் ஒரே ஒரு கேள்வி கேட்டது: இடது பக்கமா, வலது பக்கமா? நாற்காலியைப் பின்னால் தள்ளி எழுந்துவிட்டேன். “இன்னாண்ணே, ஒரு மாதிரி ஆயிட்டீங்க?” என்றார்கள்.  எழுதித் தருகிறேன் என்று சொல்லிவிட்டு வந்தேன்.

நான் படித்துப் போட்டோகிராபர் ஆனவன் இல்லை. பத்தாவதில் கணக்கு கைவிட்டதும், புத்தூரில் ஒரு ஸ்டுடியோவில் பெருக்கித் துடைக்கச் சேர்ந்து, பார்த்துப் பார்த்துக் கற்றுக்கொண்டவன். எங்கள் முதலாளிக்குக் கல்யாண ஆல்பத்தில் ஒரு கறார் உண்டு. எந்த முகமும் ஆல்பத்தின் உள்பக்கம்தான் பார்க்க வேண்டும். வெளிப்பக்கம் பார்த்தால், “டேய், மாப்ள ஆல்பத்த வுட்டு ஓடிப்போறான் பாரு, புடிடா” என்பார். பிடிப்பது என்றால் படத்தைத் திருப்பிப் போடுவது. பிலிம் காலத்தில் நெகட்டிவைப் புரட்டி வைப்போம். கம்ப்யூட்டர் வந்த பிறகு ஒரு சொடுக்கு. வலது இடதாகிவிடும், இடது வலதாகிவிடும். யாருக்கும் தெரியாது.

ஒருமுறை தெரிந்துவிட்டது. பெண்ணின் அம்மா ஆல்பத்தைத் தூக்கிக்கொண்டு வந்து மேசைமேல் போட்டார். “எம் பொண்ணு இன்னா சேட்டு வூட்டுப் பொண்ணா? முந்தானை எந்தத் தோள்ல தொங்குது பாரு!” எங்கள் பக்கத்தில் முந்தானை இடது தோளில், சேட்டு வீடுகளில் வலது தோளில். நான் திருப்பிய படத்தில் வலது தோளுக்குப் போய்விட்டது. முதலாளி அந்தம்மாவுக்கு டீ வாங்கிக் கொடுத்துச் சமாதானம் செய்து அனுப்பிவிட்டு, என்னிடம் சொன்னார்: “முந்தானை இருக்கறத மட்டும் திருப்பாத. எழுத்து இருக்கறத திருப்பாத. மத்தது எத வேணா திருப்பிக்கோ.”

அந்த வார்த்தையை நான் இருபது வருஷம் மறக்கவில்லை. மறந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

காட்டுக்கு நான் வந்தது செம்மரக் கட்டைகளால். கடத்தலில் பிடிபட்ட கட்டைகளை வழக்குக்காகப் படம் எடுக்கக் கூப்பிட்டார்கள். ஒரு கட்டைக்கு நான்கு படம், அளவுநாடா தெரிய. அப்படியே ஒப்பந்தத்தில் ஒட்டிக்கொண்டேன். பிறகு எங்கள் சரகத்தில் காலையும் மாலையும் பார்வையாளர்களுக்கு ஜீப் சஃபாரி தொடங்கினார்கள். டிரைவர் முனிரத்தினத்துக்குப் பக்கத்து சீட் என் சீட். வருகிறவர்களுக்கு நான்கு படம், ஆபீசுக்கு நான்கு படம்.

முனிரத்தினம் சத்தியவேடு பக்கத்துக்காரன், பேசாமல் ஓட்டத் தெரியாதவன். திருப்பதியில் தரிசனம் முடித்துக் கையோடு சிறுத்தையையும் பார்த்துவிடலாம் என்று வருகிறவர்களிடம் சொல்வான்: “சாமி, இங்க ஸ்பெஷல் தரிசனம் கெடையாது. அது வந்தா வரும். நாம நின்னுக்கினு இருக்கணும், அவ்ளோதான்.”

காட்டில் படம் எடுக்கிறவனுக்குக் கண்ணைவிடக் காதுதான் வேலை செய்ய வேண்டும். புள்ளிமான் கூட்டம் மேய்ந்துகொண்டிருக்கும். திடீரென்று ஒன்று தலையைத் தூக்கி, முன்காலால் தரையைத் தட்டி, ‘ட்டௌ’ என்று ஒற்றைக் குரல் கொடுக்கும். நாய்க்குட்டி குரைத்து வாயை மூடிக்கொண்ட மாதிரி இருக்கும். அந்தக் குரல் வந்தால் சிறுத்தை அங்கே எங்கேயோ நடக்கிறது என்று அர்த்தம். மான் எந்தப் பக்கம் மூஞ்சியைத் திருப்பியிருக்கிறதோ அந்தப் பக்கம் லென்ஸைத் திருப்பிவிட்டு மூச்சை அடக்கிக்கொண்டு உட்கார வேண்டும்.  

வசுந்தரா மேடம் எங்கள் சரகத்துக்கு மாற்றலாகி வந்தது அதன்பிறகு. தெலுங்குக்காரர். அம்மாவழி நகரி என்பதால் எங்கள் தமிழும் வாயில் இருக்கும். தெலுங்கில் மரியாதைக்குப் பெயரோடு ‘காரு’ சேர்ப்பார்கள் இல்லையா, அப்படி என்னை ‘போட்டோ காரு’ என்பார். ஊர்க்காரர்கள் அதை ‘போட்டோக்காரு’ என்று எடுத்துக்கொண்டார்கள். மரியாதை எனக்கு மட்டும் கேட்கும்.

அவரிடம் மூன்று விஷயம். ஒன்று, எதையும் முதலில் பென்சிலில்தான் எழுதுவார். உறுதியான பிறகுதான் அதன் மேலேயே பேனா ஓடும். இரண்டு, யார் என்ன தகவல் கொண்டுவந்தாலும் தெலுங்கில் ஒரே கேள்வி: “சூசாரா, அனுகுன்னாரா?” பார்த்தீர்களா, நினைத்துக்கொண்டீர்களா? ‘சூசானு’, பார்த்தேன், என்று சொன்னால்தான் பென்சில் நகரும். மூன்று, காட்டில் ஓடமாட்டார். யாரையும் ஓட விடமாட்டார். “காட்டுல எது ஓடுதோ அதான் சாப்பாடு. நடங்க” என்பார். ஒருமுறை எங்களுக்கு முன்னால் கரடி ஒன்று புதரைப் பிளந்துகொண்டு வந்தபோது, எனக்குக் கால் தானாகக் கிளம்பிவிட்டது. அவர் என் சட்டைக் காலரைப் பிடித்துக்கொண்டு, ரேஷன் கடையிலிருந்து வீட்டுக்குப் போகிற மாதிரி நடந்தார். கரடி போய்விட்டது. “மேடம் நடைய பாத்தா கரடியே வழி வுட்டுரும் சாரே” என்று முனிரத்தினம் ரொம்ப நாள் சொல்லிக்கொண்டிருந்தான்.

சிறுத்தை ரிஜிஸ்தர் அவர் தொடங்கியதுதான். ஒரு சிறுத்தைக்கு எதிரெதிராக இரண்டு தாள். இடது தாளில் அதன் இடது விலா, வலது தாளில் வலது விலா. நம் இரண்டு கை ரேகையும் வேறு வேறு இல்லையா, அது மாதிரி சிறுத்தையின் இடது விலாப் பொட்டுக்கும் வலது விலாப் பொட்டுக்கும் சம்பந்தமே கிடையாது. அதனால்தான் காட்டுப் பாதையில் கேமராவைக் கட்டும்போது ஜோடியாக, எதிரெதிராகக் கட்டுவோம். புதுப் படம் வந்தால் மேடம் பூதக்கண்ணாடியை வைத்து, பக்கத்துக்குப் பக்கம் பார்ப்பார். தோளில் ஒன்று, விலாவில் ஒன்று, தொடையில் ஒன்று, மூன்று பொட்டு பொருந்த வேண்டும். இரண்டு பொருந்தினால் போதாது.

எங்கள் மலையில் அப்போது நான்கு சிறுத்தைகள். முனிரத்தினம்தான் பெயர் வைத்தான். கிழவன், நொண்டி, சேர்மன், டீச்சரம்மா. சேர்மன் என்பது பெரிய ஆண். “நடந்து வர்ற தோரணைய பாரு, மண்டல மீட்டிங்குக்கு வர்ற மாதிரி.” டீச்சரம்மா பெட்டை. குட்டி போட்டால் வரிசையில் நடத்திக் கூட்டிப் போவாள் என்பதால் அந்தப் பெயர். அந்த வருஷமும் அவளுக்கு மலைப் பாறை இடுக்கில் இரண்டு குட்டி இருந்தது.

சேர்மனை நான் எடுத்த படம் ஒன்றை எல்லாரும் பாராட்டினார்கள். ஒரு காலை சஃபாரியில், பாதையின் குறுக்கே, வாயில் புள்ளிமானோடு வந்தது. மானின் கழுத்து அதன் தாடைக்குள், மானின் பின்னங்கால்கள் புழுதியில் கோடு போட்டுக்கொண்டு வந்தன.  பதினோரு படம் எடுத்தேன். எல்லாவற்றிலும் அது இடப்பக்கம் பார்த்துப் போகிறது. அதாவது நமக்குத் தெரிவது அதன் இடது விலா.

அந்தப் படத்தை ஆபீஸ் காலண்டருக்குக் கேட்டார்கள். இடது பாதி படம், வலது பாதி தேதிகள். நான்தான் வடிவமைத்தேன். சிறுத்தை காலண்டரை விட்டு வெளியே போய்க்கொண்டிருந்தது. எனக்கு முதலாளி குரல் கேட்டது: ஓடிப்போறான் பாரு, புடிடா. ஒரு சொடுக்கு. சிறுத்தை திரும்பித் தேதிகளைப் பார்த்தது. அழகாக இருந்தது. முந்தானை இல்லை, எழுத்து இல்லை, யாருக்குத் தெரியப்போகிறது?

பல மாதம் கழித்து ரிஜிஸ்தரில் சேர்மனுடைய வலது தாள் காலியாக இருப்பதைப் பார்த்தேன். கம்ப்யூட்டரில் தேடினேன். வலப்பக்கம் பார்த்த சேர்மன் படம் ஒன்று இருந்தது. திருப்பியது நான்தான் என்பது அந்த நிமிஷம் என் நினைவிலேயே இல்லை. அச்சுப் போட்டு ஒட்டினேன். எதிர்த்தாளில் இருந்த இடது விலாப் படம் வேறொரு நாள் கேமராவில் விழுந்த கறுப்பு வெள்ளை, வேறு நடை, வேறு வளைவு. ஒன்று மற்றதன் கண்ணாடிப் பிம்பம்தான் என்று எனக்கே பிடிபடவில்லை.

வேப்பமிட்டாவில் கோபால் என்பவர் ஏரிக்கரையில் ஆடு ஓட்டிக்கொண்டு வந்தபோது, வெயில் தாழும் நேரம், சிறுத்தை பாய்ந்தது. ஆட்டைத்தான் குறி வைத்திருக்கும். இவர் குறுக்கே போய்க் கழியை ஓங்கியிருக்கிறார். தோளில் அறைந்து தள்ளிவிட்டு ஆட்டைத் தூக்கிக்கொண்டு போய்விட்டது. காயத்துக்குத் திருப்பதி ஆஸ்பத்திரியில் ஊசி, முறிந்த எலும்புக்குப் புத்தூர்க் கட்டு. உயிர் பிழைத்தார். ஆனால் மூன்றாம் நாள் அதே கரையில் இன்னொரு பெண்ணின் முந்தானையைப் பின்னாலிருந்து இழுத்திருக்கிறது. அவர் போட்ட கூச்சலில் விட்டுவிட்டது. ஊர் கொதித்துப்போனது.

காரணம் அந்தக் கரை. பள்ளிக்கூடம் ஏரிக்கு அந்தப் பக்கத்து ஊரில். பிள்ளைகளுக்கு வேறு வழி இல்லை. ஒரு பக்கம் தண்ணீர், ஒரு பக்கம் மலைச்சரிவு, நடுவில் ஆள் நடக்கிற கரை. மழையில் கரை அறுந்திருந்ததால் வண்டியும் போகாது. அன்றிலிருந்து தாய்மார்கள் தட்டும் கரண்டியும் எடுத்துக்கொண்டு, தட்டிக்கொண்டே பிள்ளைகளைக் கொண்டுபோய் விட்டுக் கூட்டி வந்தார்கள். முன்னால் போகிறவர் கோபாலின் மனைவி தேசம்மா. மகள் பவானி இரண்டாவது படித்தாள். “உங்க சிறுத்தைக்கு பேரு வெச்சி போட்டோ புடிக்கிறீங்களே, எங்க புள்ளைங்க பேரு தெரியுமா உங்களுக்கு?” என்று தேசம்மா மேடத்தை முகத்துக்கு நேராகக் கேட்டார்.  மறுநாள் மேடம் பிள்ளைகள் பெயர்களை ஒவ்வொன்றாகக் கேட்டுப் பென்சிலில் எழுதிக்கொண்டார்.

சிறுத்தை விட்டுப்போன ஆட்டு மிச்சத்துக்குப் பக்கத்தில் கேமரா கட்டினோம். ஜோடியில் ஒன்று வேலை செய்யவில்லை. மற்றதில் ஒரே படம், வலது விலா. விலா நடுவில் ‘ப’ எழுத்து மாதிரி மேலே திறந்த பொட்டு ஒன்று தெளிவாக இருந்தது. ரிஜிஸ்தரின் வலது தாள்களை நான் ஒவ்வொன்றாகப் பார்த்தேன். கிழவன் இல்லை. நொண்டி இல்லை. சேர்மன் இல்லை. டீச்சரம்மாவின் வலது தாள் மட்டும் காலி. அவளுடைய இடது விலாதான் எங்களிடம் இருந்தது. மூன்று பேர் இல்லை என்றால் நாலாவது ஆள்தானே?

“சூசாரா, அனுகுன்னாரா?” என்றார் மேடம்.

வெளியே தேசம்மா கூட்டத்தோடு நின்றுகொண்டிருந்தார். மேலதிகாரி போன் மேல் போன். எனக்கும் ஒரு முடிவு வேண்டியிருந்தது. “சூசானு மேடம்” என்றேன். அவர் பென்சிலை என் முகத்துக்கு நேராகப் பிடித்தார். பிறகு எழுதினார்.

பத்தாம் நாள் விடியும்போது கூண்டில் சிறுத்தை விழுந்திருந்தது. ஏரி மதகுச் சுவரை ஒட்டிக் கூண்டை வைத்திருந்தோம். அதன் வலது விலா சுவர்ப்பக்கம், இடது விலா எங்கள் பக்கம். ரிஜிஸ்தரை வைத்துப் பார்த்தேன். மூன்று பொட்டும் பொருந்தியது. டீச்சரம்மாதான். மடியில் பால் கட்டியிருந்தது. அதையும் பார்த்தேன். சொல்லவில்லை.

“அந்தப் பக்கமும் பாத்துடலாமா?” என்றார் மேடம்.

“எதுக்கு மேடம், அவதான். கூட்டம் சேருது, மூடிடலாம், மொரண்டு புடிச்சி பல்ல ஒடைச்சிக்கும்.”

தார்ப்பாயை மூடினோம். திருப்பதியிலிருந்து லாரிக்குச் சொன்னார்கள். அங்கே கொண்டுபோனால் ஆளைத் தாக்கிய மிருகம் என்று சாகும்வரை கூண்டுதான். மேடம் பென்சில் எழுத்தின் மேல் பேனாவை ஓட்டினார். ஊரில் ஒருவர் பொங்கல் வைத்தார். கல்யாண வீடு மாதிரி ஆனது.

மாலை லாரியோடு நிருபர்களும் வருவார்கள் என்றார்கள். பத்து நாளாக நான் ஷேவ் செய்யவில்லை. மெயின் ரோட்டு முக்கில் நாதமுனியின் சலூனுக்குப் போனேன். அவருக்கு என்மேல் தனி மரியாதை. என் காலண்டரை, வருஷம் முடிந்தும் கழற்றாமல் நாற்காலிக்குப் பின் சுவரில் மாட்டியிருந்தார்.

“உன் புலி எனக்கு ராசி அண்ணே. அது வந்த நாள்லேர்ந்து கட காலியா கெடந்ததே இல்ல” என்று சோப்பைக் குழைத்தார். எங்கள் பக்கத்தில் சிறுத்தையும் புலிதான். வலது கன்னம் முடிந்தது. தலையை நிமிர்த்தினேன். எதிரே பெரிய கண்ணாடி. கண்ணாடியில் எனக்குப் பின்னால் சேர்மன், வாயில் மானோடு, இடப்பக்கம் பார்த்துப் போய்க்கொண்டிருந்தது.

அந்தக் காலை என் கண்ணெதிரே போன மாதிரியே.

‘ஆமாம், இப்படித்தானே போனது’ என்று மனது சொன்னது. அடுத்து, கண்ணாடியில் தேதிகள் இடவலம் மாறித் தெரிவதைப் பார்த்தேன். கண்ணாடிக்குள் சரியாகத் தெரிகிறது என்றால், சுவரில் இருப்பது தப்பு. சுவரில் இருப்பதுதான் ரிஜிஸ்தரில் இருக்கிறது. சேர்மனின் வலது விலாவை நாங்கள் பார்த்ததே இல்லை. அப்படியானால் ஆட்டைத் தூக்கியது சேர்மனாகவும் இருக்கலாம்.

“ஆடாதண்ணே, அறுத்துக்கும்” என்றார் நாதமுனி. நான் எழுந்துவிட்டேன். “இன்னா, மீதி மூஞ்சி?” என்று பின்னால் கத்தினார். துண்டு கழுத்திலேயே இருந்தது. அப்படியே பைக்கை எடுத்துக்கொண்டு ஏரிக்குத் திரும்பினேன்.

பிறகு நடந்ததெல்லாம் காகிதத்தில் இருக்கிறது. லாரி அன்று வெறும் லாரியாகத் திரும்பியது. டீச்சரம்மா பாறை இடுக்குக்குத் திரும்பினாள். இரண்டு வாரம் கழித்துச் சேர்மன் கூண்டில் விழுந்தது, ‘ப’ எழுத்தோடு. எனக்கு மெமோ, மூன்று மாதம் வேலை இல்லை. மேடம் மூன்று தடவை விளக்கம் எழுதினார். அதில் ஒரு இடத்திலும் என் பெயரைச் சொல்லாமல் ‘எங்கள் பரிசோதனையில்’ என்றே எழுதியிருந்தார். யார் வேண்டுமானாலும் பைலைப் பார்க்கலாம். பைலில் இல்லாதது அந்தக் கால் மணி நேரம் மட்டும்தான்.

கூண்டருகே போய்ச் சேர்ந்தேன். என்னை முதலில் பார்த்தது தேசம்மா. “வாங்க போட்டோக்காரு! இன்னா, புலிக்கு பயந்து பாதியில வந்துட்டீங்களா?” என்று சிரித்தார். எல்லாரும் சிரித்தார்கள். பத்து நாளில் அந்த ஊரின் சிரிப்பை அன்றுதான் கேட்டேன். “தட்டு தட்டித் தட்டி கை மரத்துப்பூட்ச்சி. இன்னிக்கிதான் புள்ளைங்க தனியா வர்றாங்க. புலிதான் கூண்டில கீதே, எல்லாரும் பாத்துக்கினு நிக்கிறோம்.”

ஆளை அடித்தது வெளியில்தான் இருந்தது, பிள்ளைகள் கரையில்.

மேடத்தைத் தள்ளிக் கூப்பிட்டு, மூச்சு முட்ட, காலண்டர், கண்ணாடி, திருப்பியது எல்லாம் சொன்னேன். அப்போதுதான் அவர் அந்த வார்த்தையைச் சொன்னார். லாரி ரேணிகுண்டா தாண்டிடுச்சி. ஊருக்கு நான் இன்னா பதில் சொல்றது.

கழுத்துத் துண்டால் கன்னத்தைத் துடைத்தேன்.  அவர் ரொம்ப மெதுவாக, “அன்னிக்கி கேட்டனே. சூசாரா, அனுகுன்னாரா?” என்றார்.

“அனுகுன்னானு மேடம்” என்றேன். நினைத்துக்கொண்டேன் மேடம்.

என் சட்டைப்பையிலிருந்த, ஆட்டு மிச்சத்தருகே கேமராவில் விழுந்த படத்தை வாங்கினார். கூண்டுக்கும் மதகுச் சுவருக்கும் நடுவே ஆள் நுழைய முடியாத சந்து. பக்கவாட்டில் நுழைந்து, மண்டியிட்டு, தார்ப்பாயை ஒரு சாண் தூக்கினார். உள்ளேயிருந்து சீற்றம் வந்தது, இரும்பு அதிர்ந்தது. அவர் முகத்தை எடுக்கவில்லை. படத்தைப் பார்த்தார், விலாவைப் பார்த்தார், மறுபடி படத்தைப் பார்த்தார். தார்ப்பாயை இறக்கினார். வெளியே வந்தபோது சட்டையெல்லாம் பாசி.

“‘ப’ இல்ல” என்றார். அவ்வளவுதான்.

பிறகு கைக்கடிகாரத்தைப் பார்த்தார். நாலே கால். பள்ளிக்கூடம் நாலுக்கே விட்டிருக்கும்.

ஊருக்கு என்ன பதில் சொல்லப் போகிறார் என்று நான் காத்திருந்தேன். அவர் ஊர்ப்பக்கம் திரும்பவே இல்லை. ஏரிக்கரையைப் பார்த்தார். அடுத்த நொடி ஓடத் தொடங்கினார்.

அத்தனை வருஷத்தில் அவர் ஓடி நான் பார்த்ததில்லை. தொப்பி விழுந்தது, எடுக்கவில்லை. அறுந்த கரையில் இறங்கி, சேற்றில் ஒரு கையை ஊன்றி, மறுபடி ஏறி ஓடினார். நானும் முனிரத்தினமும் பின்னால். தேசம்மாவுக்கு யாரும் எதுவும் சொல்லவில்லை. எங்களைப் பார்த்ததுமே சிரிப்பு நின்றுவிட்டது. தட்டு இல்லை, கரண்டி இல்லை, வெறுங்கையோடு எங்களுக்குப் பின்னால் வந்துகொண்டிருந்தார்.

கரை வளைகிற இடத்தில் பிள்ளைகள் தெரிந்தார்கள். பதினேழு பேர், சிதறலாக, தண்ணீரில் கல் விட்டுக்கொண்டு, ஆடிப் பாடி வந்துகொண்டிருந்தார்கள். கடைசியில் பவானி, பை முதுகில் தொங்க, ஒரு செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு.

அப்போது சரிவிலிருந்து வந்தது, ஒற்றைக் குரல். ‘ட்டௌ.’

மேடம் நின்றார். ஒரு மூச்சு இழுத்தார், இன்னொரு மூச்சு. பின்னால் கையை நீட்டி எங்களை நிறுத்தினார். பிறகு, ரேஷன் கடையிலிருந்து வீட்டுக்குப் போகிற மாதிரி, பிள்ளைகளை நோக்கி நடந்தார்.

“இன்னா மேடம், இங்க வந்துகீறீங்க?” என்றது ஒரு பிள்ளை.

“உங்க பேரெல்லாம் எழுதி வெச்சிருக்கன் இல்ல, சரியா கீதான்னு பாக்க வந்தேன். வரிசையா வாங்க. ஓடாம” என்றார். ஒவ்வொரு பெயராகச் சொன்னார், பென்சிலில் எழுதிய வரிசையிலேயே. கூப்பிடக் கூப்பிட ஒவ்வொன்றாக வந்து சேர்ந்தது. கடைசிப் பெயர் பவானி.

சரிவில் அந்தக் குரல் இன்னொரு முறை வந்தது, கொஞ்சம் கிட்டத்தில்.

மேடம் பவானியின் பையை வாங்கித் தன் தோளில் மாட்டினார். பிள்ளைகள் எல்லாரையும் தண்ணீர்ப் பக்கம் ஒதுக்கிவிட்டு, மலைப் பக்கமாக மாறி நடந்தார்.